நேத்து வாரேன், நாய் பாயுது!

"டேய், நேத்து என்ன ஆச்சு தெரியுமா? டியூஷன் முடிஞ்சு நாரணாபுரம் ரோட்டுல சைக்கிள்ல வந்தேன். கரண்டு வேற போயிருச்சு, ஒரே இருட்டு. பாலத்துக்கிட்ட வாரேன், திடீர்னு ஒரு நாய் குறுக்க பாயுது. பிரேக்கப் பிடிக்கிறேன், பிடிக்கவே மாட்டேங்குது! சைக்கிள் ஒரு பக்கம் போகுது, நான் ஒரு பக்கம் போறேன். அப்புறம் ஒரு அண்ணன் வந்து தூக்கிவிட்டாரு. முட்டியில நல்ல அடி."

சிவகாசியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் தன் கூட்டாளியிடம் இப்படித்தான் கதை சொல்வான். இதை இன்னொரு முறை படியுங்கள். இந்தத் தடவை நாயை விட்டுவிட்டு வினைச்சொற்களை மட்டும் பாருங்கள். "வந்தேன்", "போயிருச்சு" என்று இறந்தகாலத்தில் தொடங்குகிறான். பாலம் வந்ததும் "வாரேன்", "பாயுது", "பிடிக்கிறேன்", "போகுது" என்று நிகழ்காலத்துக்குத் தாவிவிடுகிறான். அடிபட்டு முடிந்ததும் "தூக்கிவிட்டாரு" என்று மறுபடி இறந்தகாலம். நடந்தது எல்லாமே நேற்றுதான். அவனும் முதலிலேயே "நேத்து" என்று சொல்லிவிட்டான். பிறகு எதற்காக நடுவில் நிகழ்காலம்?

இதையே தேர்வுத்தாளில் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டம் போடுவார். ஆனால் பேச்சில் யாரும் திருத்துவதில்லை. கேட்கிற கூட்டாளிக்கும் குழப்பம் இல்லை. "பாயுது என்கிறாயே, நாய் இப்போதா பாய்கிறது?" என்று அவன் கேட்பதில்லை, "அய்யய்யோ, அப்புறம்?" என்றுதான் கேட்கிறான்.

ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் இதையேதான் செய்கிறார்கள். "ஐ வாஸ் கோயிங் ஹோம்" என்று தொடங்குவார்கள்; நாய் வரும் இடத்தில் "திஸ் டாக் ஜம்ப்ஸ் அவுட்" என்பார்கள். இலக்கணப்படி "ஜம்ப்ட்" என்றுதான் வரவேண்டும். ஆங்கில இலக்கண நூல்கள் இந்தப் பழக்கத்துக்கு 'வரலாற்று நிகழ்காலம்' என்று பெயர் கொடுத்திருக்கின்றன. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1852-53இல் தொடராக எழுதிய 'ப்ளீக் ஹவுஸ்' நாவலில் ஏறக்குறையப் பாதியை நிகழ்காலத்திலேயே சொன்னார். மீதியை இறந்தகாலத்தில் சொன்னார். லத்தீன் மொழியில் எழுதிய பழைய ரோமானிய வரலாற்று ஆசிரியர்களும் போர்க்களக் காட்சி வந்தால் நிகழ்காலத்துக்கு மாறுவார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத ஊர்களிலும் காலங்களிலும் ஒரே பழக்கம் தென்பட்டால், அறிவியலாளர்களுக்கு உடனே ஆர்வம் வந்துவிடும். மனித மனம் வேலை செய்யும் முறையோடு அதற்கு ஏதோ தொடர்பு இருக்கவேண்டும்.

அந்தத் தொடர்பைப் புரிந்துகொள்ள சிவகாசியில் அச்சாகும் ஒரு பொருளே போதும். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர்தான் அது. ஆணியில் மாட்டிய அட்டை, அதில் தடித்த தாள்கட்டு, மேல் தாளில் பெரிய எழுத்தில் தேதி, கீழே பொடி எழுத்தில் ராகுகாலம், எமகண்டம். மேலே எந்தத் தாள் இருக்கிறதோ அதுதான் 'இன்று'. கிழித்துப் போட்டதெல்லாம் இறந்தகாலம், அடியில் இருப்பதெல்லாம் எதிர்காலம். நாம் சாதாரணமாகப் பேசும்போது மேல் தாளைப் பார்த்துத்தான் பேசுகிறோம். கதை சூடுபிடிக்கும் இடத்தில் கதைசொல்லி என்ன செய்கிறான்? நேற்றுக் கிழித்துப் போட்ட தாளை எடுத்து மறுபடி மேலே செருகிவிடுகிறான். இனி அதுதான் 'இன்று'. நாய் இப்போதுதான் பாய்கிறது, பிரேக் இப்போதுதான் பிடிக்க மறுக்கிறது.

கார்ல் பூலர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1934இல் வெளியிட்ட மொழி பற்றிய நூலில் இதை அழகாக விளக்கியிருக்கிறார். பேசுகிற ஒவ்வொருவருக்கும் 'நான், இங்கே, இப்போது' என்று ஒரு மையப்புள்ளி உண்டு. அந்தப் புள்ளியிலிருந்துதான் நாம் எதையும் சுட்டிக் காட்டுகிறோம். ஆனால் கற்பனையில் அந்தப் புள்ளியைப் பெயர்த்து வேறோர் இடத்தில், வேறொரு நேரத்தில் வைக்கவும் மனிதனால் முடியும் என்றார் அவர். மேலே கதை சொன்ன பையன் பேசும்போது அவன் கைகளைக் கவனித்தால் இது தெரியும். "இந்தப் பக்கம் வாய்க்கால், அந்தப் பக்கம் நாய்" என்று காட்டுவான். அவன் நிற்பதோ பள்ளிக்கூட மைதானம். அங்கே வாய்க்காலும் இல்லை, நாயும் இல்லை. 'இப்போது' இடம் மாறும்போது 'இங்கே'யும் கூடவே கிளம்பிப் போய்விடுகிறது.

இனி இதற்கு ஒரு சோதனை. கீழே உள்ள பத்தியைப் படியுங்கள்.

1903 ஜூலை 15. விருதுபட்டியில் ஒரு குழந்தை பிறக்கிறது. காமாட்சி என்று பெயர் வைக்கிறார்கள். தாய் செல்லமாக ராஜா என்று அழைக்கிறார். சிறு வயதிலேயே தந்தையை இழக்கிற இந்தப் பையன், பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் வேலைக்குச் சேர்கிறான். இதே பையன்தான் 1954 ஏப்ரலில் சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் ஆவான்.

காமராசரைத்தான் சொல்கிறேன் என்று கண்டுபிடித்திருப்பீர்கள். கடைசி வினையை மட்டும் பாருங்கள்: "ஆவான்". 1954 நமக்கு எப்போதோ கடந்துபோன ஆண்டு. அதற்கு எதிர்கால வினை எப்படிப் பொருந்தும்? ஆனாலும் படிக்கும்போது உறுத்தவில்லை. ஏனென்றால் 1903ஆம் ஆண்டுத் தாளை மேலே வைத்துவிட்டோம். அங்கிருந்து பார்த்தால் 1954 இன்னும் கிழிக்காத தாள். நிகழ்காலத்தில் சொல்வது வெறும் வடிவ மாற்றம் என்றால் இந்த எதிர்காலம் வந்திருக்கவே முடியாது. 'இப்போது' என்கிற புள்ளியே பெயர்ந்துவிட்டது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று இதுதான்.

நம் பழைய இலக்கண ஆசிரியர்கள் இதையெல்லாம் கவனித்தார்களா? மிகக் கூர்மையாகக் கவனித்திருக்கிறார்கள்.

தொல்காப்பியம் காலம் மூன்று என்று வகுத்தது. அத்தோடு நிற்காமல், மக்கள் பேசும்போது காலங்கள் ஒன்றன் இடத்தில் இன்னொன்று வருவதையும் சொன்னது. அவசரம் ஒரு காரணம். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால், விளையாட்டை விடாமலே "இதோ வந்துட்டேன்!" என்று கத்துகிறீர்களே, அதுதான். ஓர் அடிகூட நகரவில்லை. ஆனால் வினை இறந்தகாலம். இதற்கு உரை எழுதியவர்கள் தந்த எடுத்துக்காட்டும் ஏறக்குறைய இதே மாதிரிதான்: இன்னும் சாப்பிட்டு முடிக்காதவன், வெளியே காத்திருப்பவனிடம் சாப்பிட்டாயிற்று, கிளம்பிவிட்டேன் என்கிறான். பல நூறு ஆண்டுகளுக்கு முன்னாலும் வாசலில் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார், உள்ளே ஒருவர் இப்படிச் சமாளித்தார் என்று நினைக்கவே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் நன்னூலில் பவணந்தி முனிவர் இன்னும் தெளிவாக, காலம் மாறி வருவதற்கு நான்கு காரணங்களைச் சொன்னார்: விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு. தெளிவுக்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு எறும்பு. முட்டையைத் தூக்கிக்கொண்டு எறும்புகள் மேட்டில் ஏறினால் மழை 'பெய்தது' என்பார்களாம். இன்னும் ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் வரப்போவது அவ்வளவு உறுதி என்பதால் வந்துவிட்டதாகவே சொல்கிறார்கள். வானம் பார்த்த கரிசல்காட்டுக்காரர்களுக்கு இந்த எடுத்துக்காட்டு உடனே புரியும்.

நமக்கு இன்று வேண்டியது நான்காவது காரணமான இயல்பு. சிறு வயதில் விளையாடிய ஒரு சோலையைக் காட்டி, முன்பு நாங்கள் விளையாடும் இடம் இது என்று ஒருவர் சொல்கிறார். விளையாடி முடித்துப் பல காலம் ஆகிவிட்டது. வினை மட்டும் இறந்தகாலத்தில் இல்லை. இது வழக்கில் இயல்பாக வருவது, குற்றம் இல்லை என்று ஏற்றுக்கொள்கிறது இலக்கணம். உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். "அப்பல்லாம் நாங்க திருத்தங்கல்லேருந்து நடந்தேதான் பள்ளிக்கூடம் போவோம், மத்தியானம் கேப்பக்கூழ் குடிப்போம்" என்பார். 'போவோம்', 'குடிப்போம்' என்பவை உருவத்தில் எதிர்காலம். பொருளோ, என்றோ வழக்கமாக நடந்தது. ஆங்கிலத்திலும் தாத்தாக்கள் இந்த இடத்தில் 'வுட்' போட்டுத்தான் பேசுவார்கள். ஆக, ஒரு முறை நடந்ததற்கு "போனேன்", கண்முன் கொண்டுவர "போறேன்", அடிக்கடி நடந்ததற்கு "போவேன்" என்று கடந்துபோனதைச் சொல்லத் தமிழ் மூன்று காலங்களையும் பயன்படுத்திக்கொள்கிறது.

இலக்கணத்தில் இப்படி மாறி வந்தும் ஏற்றுக்கொள்ளப்படுவதற்குக் கால வழுவமைதி என்று பெயர். பத்தாம் வகுப்புக்குப் போனால் வழு, வழாநிலை, வழுவமைதி என்று படிப்பீர்கள். வழு என்றால் பிழை. பிழை போலத் தோன்றினாலும் தக்க காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்வது வழுவமைதி. மக்கள் ஏன் அப்படிப் பேசுகிறார்கள் என்று காரணம் தேடிய அந்தப் புலவர்கள் செய்தது, இன்றைய மொழியியலாளர்கள் செய்யும் வேலையேதான்.

இன்றைய மொழியியலாளர்களிடம் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. 1967இல் வில்லியம் லபோவ், ஜோஷுவா வலெட்ஸ்கி என்ற இருவர், எழுத்தாளர்கள் அல்லாத சாதாரண மக்கள் தங்கள் அனுபவத்தைக் கதையாகச் சொல்வதைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். எப்போது, எங்கே, யார் என்று சொல்லும் தொடக்கம், சிக்கல் நடக்கும் நடுப்பகுதி, முடிவு, இப்படிச் சாதாரணப் பேச்சிலும் கதைக்கு ஓர் அமைப்பு இருப்பதைக் காட்டினார்கள். பிறகு டெபோரா ஷிஃப்ரின் 1981இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலக் கதைகளில் நிகழ்காலம் அந்தச் சிக்கல் பகுதியில்தான் வந்து குவிகிறது என்று கண்டார். நம் பையன் நாய் வந்த இடத்தில் தாவினானே, அதே இடம்!

நெஸ்ஸா வுல்ஃப்சன் என்ற ஆய்வாளர் இதில் வேறு கருத்துச் சொன்னார். நிகழ்காலத்துக்கு என்று தனி மந்திரம் எதுவும் இல்லை. ஒரு காலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற அந்த மாற்றம்தான் முக்கியம். அது கதையை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் பிரித்துக் காட்டுகிறது என்றார். அவர் கண்ட இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். பேட்டி எடுக்க வந்த அந்நியர் கேள்வி கேட்டால், மக்கள் இப்படி மாற்றிப் பேசுவது அரிது. தன்னைப் போன்ற ஒருவரிடம், நெருங்கிய ஆளிடம் நடித்துக் காட்டிச் சொல்லும்போதுதான் நிகழ்காலம் தாராளமாக வருகிறது. சைக்கிளில் விழுந்த அதே கதையை அந்தப் பையன் தலைமை ஆசிரியரிடம் சொன்னால் எப்படிச் சொல்வான்? "நாய் குறுக்க வந்துச்சு சார், விழுந்துட்டேன் சார்." அவ்வளவுதான்.

மனத்தை உலுக்கிய நிகழ்ச்சிகளைச் சொல்லும்போதும் இந்தத் தாவல் வருகிறது. டேவிட் பில்மர் முதலிய உளவியலாளர்கள் 1998இல், நினைவுகளைச் சொல்பவர்கள் உணர்ச்சி உச்சத்தைத் தொடும் இடத்தில் தங்களை அறியாமலே நிகழ்காலத்துக்கு மாறுவதைப் பற்றி எழுதினார்கள். நம் பகுதியில் இதற்குக் கனமான ஒரு பக்கம் உண்டு. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 35 பேருக்கும் மேல் உயிரிழந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றும் "புகை வருது, எல்லாரும் ஓடுறாங்க" என்றுதான் சொல்வார்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் அப்படிப் பேச நேர்ந்தால், குறுக்கே எதுவும் கேட்காதீர்கள். அவருக்கு அது இன்னும் கடந்துபோகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் கேளுங்கள்.

நிகழ்கால வினை வந்தாலே அது பழங்கதை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. "பேரியம் உப்பு பச்சையாக எரிகிறது, ஸ்ட்ரான்சியம் உப்பு சிவப்பாக எரிகிறது" என்று பட்டாசு வேதியியலில் எழுதினால் அது நேற்று நடந்ததும் இல்லை, இன்று நடப்பதும் இல்லை, எப்போதும் அப்படித்தான். "வள்ளுவர் சொல்கிறார்" என்பதும் வேறு வகை. வள்ளுவர் இல்லை, ஆனால் நூல் கையில் இருக்கிறது. திறந்தால் இன்றும் அதையே சொல்கிறது. ஆங்கிலத்திலும் "ஷேக்ஸ்பியர் சேஸ்" என்றுதான் எழுதுவார்கள். ஆனால் "வள்ளுவர் மயிலாப்பூரில் வாழ்கிறார்" என்று எழுதிப் பாருங்கள், உடனே இடிக்கும். சொல் நூலில் நிலைத்திருக்கிறது, வாழ்க்கை முடிந்துவிட்டது.

செய்தித்தாள் தலைப்புகளில் தமிழும் ஆங்கிலமும் பிரிந்து போகின்றன. கிரிக்கெட் உலகக் கோப்பையை இந்தியா வென்றால் ஆங்கிலப் பத்திரிகை "இந்தியா வின்ஸ்" என்று நிகழ்காலத்தில் போடும். தமிழ்ப் பத்திரிகை "உலகக் கோப்பையை வென்றது இந்தியா" என்று போடும், இல்லையென்றால் வினையே இல்லாமல் "இந்தியா வெற்றி" என்று முடித்துவிடும். ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் எழுதும்போது "வெல்கிறது" என்று போட்டால், ஆட்டம் இன்னும் முடியவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஒரு மொழியின் பழக்கத்தை இன்னொன்றில் அப்படியே ஒட்ட முடியாது.

சிவகாசிக்காரர்களுக்குக் காலத்தோடு விளையாடுவது தொழில் என்றே சொல்லலாம். ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது இங்கே வழக்கம். ஊரெல்லாம் ஆடிக் காற்றில் இருக்கும்போது, இங்கே அச்சகத்தில் அடுத்த தைப்பொங்கல் தாள் மை காய்ந்துகொண்டிருக்கும். இந்த ஊர் இப்படி ஆனதற்கும் ஒரு கதை உண்டு. 1920களின் தொடக்கம். மழையை நம்பிப் பிழைக்க முடியாத ஊரிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் புறப்படுகிறார்கள். மாதக்கணக்கில் தங்கித் தீப்பெட்டி செய்யப் பழகுகிறார்கள். ஊர் திரும்பித் தொழில் தொடங்குகிறார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்காக அச்சகங்கள் வருகின்றன. பின்னால் பட்டாசும் வருகிறது. இந்தச் சில வரிகளை நான் எந்தக் காலத்தில் எழுதினேன் என்று கவனித்தீர்களா?

இனி நீங்கள் செய்து பார்க்க ஒரு வேலை தருகிறேன். வீட்டில் அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டு அவர்கள் செல்போனை வாங்கிக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவர் பயந்த ஒரு நிகழ்ச்சியையோ விழுந்து விழுந்து சிரித்த ஒன்றையோ சொல்லச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். பிறகு மெதுவாக ஓடவிட்டு, வினைச்சொற்களை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நோட்டில் எழுதுங்கள். இறந்தகாலத்துக்கு நீலம், நிகழ்காலத்துக்குச் சிவப்பு. சிவப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். "அவன் வரமாட்டேங்கிறான்", "அவர் கேக்காரு, நான் சொல்றேன்" என்று பிறர் பேச்சைச் சொல்லும் இடங்களில் சிவப்பு அதிகமாக இருக்கிறதா என்றும் எண்ணுங்கள். அதே நண்பரை அதே கதையை ஒரு பெரியவரிடம் சொல்லச் சொல்லி, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வுல்ஃப்சன் சொன்னது தமிழுக்கும் பொருந்துமா என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஷிஃப்ரினும் வுல்ஃப்சனும் ஆராய்ந்தது ஆங்கிலக் கதைகளை. சிவகாசித் தெருப்பேச்சுக்கு உங்கள் நோட்டுதான் சான்று.

தேர்வுக்கு ஒரு வார்த்தை. வரலாற்று விடையை இறந்தகாலத்தில் எழுதுவதே பாதுகாப்பு. நிகழ்காலத்தில் தொடங்கினால் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். காரணம் இல்லாமல் பாதியில் மாறினால் அது வழுதான், வழுவமைதி ஆகாது. ஆங்கிலக் கட்டுரைக்கும் இதே முறை.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் கிராமத்தில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன், கரிசல் மக்கள் வாய்வழியாகச் சொல்லிவந்த கதைகளைத் தேடித் தேடித் தொகுத்தார். அவர்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதினார். அதனால்தான் அந்த மனிதர்களின் குரல் இன்றும் நமக்குக் கேட்கிறது. நீங்களும் உங்கள் வீட்டுப் பாட்டி சொல்லும் கதைகளை எழுதி வையுங்கள். எழுதும்போது அவர் "ராசா வாராரு, வாசல்ல நிக்காரு" என்று சொன்னால் அதை "வந்தார், நின்றார்" என்று மாற்றிவிடாதீர்கள். அவர் சொன்ன வினையை அப்படியே எழுதுங்கள்.